மிசிசிப்பிக் குழந்தை: 27 மாதம் உறங்கிய எச்ஐவியும் செல்லின் எரிசக்தியும்

2014 ஜூலை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், நாலு வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தைக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 16,750 எச்ஐவி நகல்கள் இருந்தன. மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தார்கள்: 10,564. அதற்கு முன் இரண்டேகால் வருடமாக அந்தக் குழந்தை எச்ஐவிக்கு ஒரு மருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் அந்தக் காலம் முழுக்கச் சாதாரணப் பரிசோதனைகளில் வைரஸ் தென்படவே இல்லை. உலகமே "குணமான குழந்தை" என்று கொண்டாடிய நிகழ்வு அது.

அத்தனை மாதமும் வைரஸ் எங்கே, எந்த நிலையில் இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. வைரஸை மட்டும் உற்றுப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. அது குடியிருந்த செல் எதை எரித்து, எவ்வளவு சக்தியோடு வாழ்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும் என்பது என் கருத்து.

நடந்தது என்ன

குழந்தை பிறந்தது 2010ல். தாய் கர்ப்ப காலத்தில் மருத்துவப் பரிசோதனைக்கே போயிருக்கவில்லை. 35 வாரத்திலேயே வலி எடுத்து வந்தபோது செய்த துரிதப் பரிசோதனையில்தான் அவருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. தாய்க்கு மருந்து கொடுப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. கர்ப்ப காலம் முழுக்க ஏஆர்டி (எச்ஐவியைப் பெருகவிடாமல் அடக்கும் கூட்டு மருந்து) எடுத்துக்கொண்டு, வைரஸும் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 1 சதவீதம் அல்லது அதற்கும் கீழே போய்விடும். நம்மூர் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் அந்த ஒரு ரத்தப் பரிசோதனை எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்த மாதிரி நிகழ்வைப் படிக்கும்போதுதான் உறைக்கிறது.

குழந்தையை ஜாக்சன் நகரில் உள்ள மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே குழந்தை நல மருத்துவர் ஹன்னா கே துணிச்சலான ஒரு முடிவெடுத்தார். தொற்று உறுதியாகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தடுப்புக்காகக் கொடுக்கும் குறைந்த அளவு மருந்தோடும் நிற்கவில்லை. பிறந்த 30 மணி நேரத்தில், சிகிச்சைக்குரிய அளவிலேயே மூன்று மருந்துகளைத் தொடங்கினார்: சிடோவுடின், லாமிவுடின், நெவிரபின். அந்த வேளையில் எடுத்த ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 19,812 நகல்கள் இருந்தன. ஆக, தொற்று இருந்தது உண்மைதான். 6ஆம் நாள் 2,617, 11ஆம் நாள் 516, 19ஆம் நாள் 265 என்று இறங்கி, 29ஆம் நாள் கருவி கண்டுபிடிக்கும் அளவுக்கும் கீழே போய்விட்டது.

சுமார் 18 மாதம் வரை மருந்து தொடர்ந்தது. அப்புறம் குடும்பத்தார் மருத்துவமனைக்கு வருவது நின்றது, மருந்தும் நின்றது. 23ஆம் மாதத்தில் குழந்தை திரும்ப வந்தபோது, வைரஸ் கண்டபடி பெருகியிருக்கும் என்றுதான் மருத்துவர்கள் நினைத்தார்கள். சாதாரணமாக மருந்தை நிறுத்திய சில வாரங்களிலேயே எச்ஐவி திரும்பிவிடும். இங்கே எதுவும் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த டெபோரா பெர்சாட், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கேத்ரின் லூசுரியாகா ஆகியோர் ஹன்னா கேயுடன் சேர்ந்து மிக நுட்பமான சோதனைகளைச் செய்தார்கள். 2013 மார்ச்சில் அட்லாண்டாவில் நடந்த எச்ஐவி ஆய்வு மாநாட்டில் இதை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் வைரஸ் திரும்பியது. சிகிச்சையை மறுபடி தொடங்கியதும் அடங்கியது.

தடயங்கள்

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்று தடயங்கள்.

24ஆம் மாதத்தில் நுட்பமான சோதனையில் ஒரு தடயம் அகப்பட்டது. பத்து லட்சம் ரத்த வெள்ளணுக்களுக்கு 37 என்ற அளவில் வைரஸின் டிஎன்ஏ இருந்தது. 26ஆம் மாதத்தில் அது 4. ஆனால் பெருகும் திறனுள்ள வைரஸை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்க முடியவில்லை. எங்கோ ஒரு சில செல்களின் மரபணுத் தொகுப்பில் வைரஸ் ஒட்டிக்கொண்டு கிடந்தது என்று இதற்கு அர்த்தம்.

அடுத்தது, குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் எச்ஐவியை அடையாளம் கண்டதாகவே தெரியவில்லை. எதிர்ப்பொருள் இல்லை, எச்ஐவியைக் குறிவைக்கும் டி செல்களும் (கிருமிகளோடு போராடும் ஒருவகை ரத்த வெள்ளணுக்கள்) தென்படவில்லை. மருந்தில்லாமல் வைரஸைக் கட்டுப்படுத்தும் பெரியவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் பெரும்பாலும் வலுவான எதிர்ப்பு இருக்கும், சண்டை நடந்துகொண்டே இருக்கும். இந்தக் குழந்தையிடம் சண்டையே நடக்கவில்லை.

கடைசித் தடயம் 2014ல் கிடைத்தது. திரும்பி வந்த வைரஸின் மரபு வரிசையை எடுத்துப் பார்த்தபோது, அது தாயிடமிருந்து வந்த அதே வைரஸாக இருந்தது. எச்ஐவி பெருகும்போது ஒவ்வொரு சுற்றிலும் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அத்தனை மாதம் ஓசையில்லாமல் பெருகியிருந்தால் வரிசை கணிசமாக மாறியிருக்கும். மாறவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வைரஸ் மாறவில்லை, அதை யாரும் அடக்கி வைக்கவும் இல்லை. அப்படியானால் 2014ல் மாறியது எது? வைரஸைச் சுமந்துகொண்டிருந்த செல்தான் என்று நான் நினைக்கிறேன்.

செல் எதை எரிக்கிறது

எச்ஐவி குறிவைப்பது டி செல்களில் சிடி4 என்ற வகையை. வேலையில்லாத நேரத்தில் இந்தச் செல் மிகச் சிக்கனமாக வாழும். குளுக்கோஸைக் கொஞ்சமாக எடுத்து, அதை மைட்டோகாண்ட்ரியா என்ற, செல்லுக்குள் இருக்கும் சக்திக் கூடத்தில் முழுசாக எரிக்கும், கொழுப்பையும் எரிக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறக்குறைய 30 ஏடிபி (செல்லுக்குள் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறு) வரை கிடைக்கும். அணைக்காமல் தணலாக வைத்திருக்கும் அடுப்பைப் போல, உயிரோடு இருக்க இது போதும்.

தனக்குரிய கிருமி எதிர்ப்பட்டதும் நிலைமை தலைகீழாகிறது. செல்லுக்குள் பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்று வரிசையாகச் சமிக்ஞைகள் ஓடும். எம்டார் என்பது செல்லின் மேற்பார்வைப் புரதம். சத்து இருக்கிறதா, வளரலாமா என்று கணக்குப் பார்த்து உத்தரவிடுவது அதுதான். உத்தரவு வந்ததும் குளூட்1 என்ற குளுக்கோஸ் வாயில்கள் செல்லின் மேற்பரப்பில் பெருகும். சர்க்கரை உள்ளே கொட்டும். செல் அதை மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுபோகாமல் கிளைக்கோலிசிஸ் வழியாக வேகமாக உடைக்கத் தொடங்கும். இந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் மிச்சம். வீண் செலவு போலத் தெரியும். ஆனால் பாதி வழியில் கிடைக்கும் துண்டுகள்தான் புது டிஎன்ஏவுக்கும் புரதத்துக்கும் சவ்வுக்கும் மூலப்பொருள். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் சக்தியோடு சரக்கும் வேண்டுமே.

எச்ஐவிக்கு வேண்டியதும் அதே சரக்குதான். உள்ளே நுழைந்ததும் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்ற, டிஎன்ஏ கட்டும் துண்டுகள் அதற்கு ஏராளமாக வேண்டும். ஓய்வில் இருக்கும் செல்லில் அவை அரிது. போதாததற்கு சாம்ஹெச்டி1 என்ற நொதி இருப்பதையும் உடைத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஓய்வுச் செல்லுக்குள் நுழைந்த வைரஸ் பெரும்பாலும் பாதி வழியிலேயே முடங்கிப்போகும்.

அப்படியென்றால் ஓய்வுச் செல்லில் வைரஸ் ஒளிந்திருப்பது எப்படி? சுறுசுறுப்பாக இருக்கும் செல்லில்தான் வைரஸ் நுழைகிறது. அந்தச் செல்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஒரு சில மட்டும் சாகாமல், சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்லாக மாறி ஓய்வுக்குத் திரும்பும். வைரஸின் டிஎன்ஏ அதற்குள் செல்லின் குரோமோசோமில் தைக்கப்பட்டிருக்கும். செல் அடங்கும்போது அதுவும் அடங்கிவிடும். ஓய்வுச் செல்களை நேரடியாகப் பிடிப்பதும் அரிதாக நடக்கிறது.

அடங்குவது என்று சொல்வதற்குப் பின்னால் திட்டவட்டமான வேதியியல் இருக்கிறது. வைரஸின் மரபணுவைப் படிக்கத் தூண்டும் என்எஃப்-கப்பாபி என்ற புரதம் ஓய்வுச் செல்லில் உட்கருவுக்கு வெளியே கட்டுண்டு கிடக்கும். படிக்கும் வேலையை முன்னே தள்ளும் சிடிகே9 நொதியும் அதன் கூட்டாளியும் போதிய அளவில் செயல்படாது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் தளர வேண்டுமென்றால் அசிடைல் குழுக்கள் ஒட்ட வேண்டும். அந்த அசிடைல் வருவது அசிடைல் கோஏவிலிருந்து. அசிடைல் கோஏ வருவதோ சர்க்கரையும் கொழுப்பும் எரியும் பாதையிலிருந்து. செல் என்ன சாப்பிடுகிறது என்பதும் எந்த மரபணு திறக்கிறது என்பதும் இந்த ஒரு மூலக்கூறில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த இடம் இதுதான்.

பாரிஸிலும் சான்பிரான்சிஸ்கோவிலும்

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் அசியே சாயெஸ்-சிரியோன் குழு 2018 இறுதியில் ஓர் ஆய்வை வெளியிட்டது. சிடி4 செல்களில் பல ரகம் உண்டு: இன்னும் கிருமியே பார்க்காதவை, பல வகை நினைவுச் செல்கள். எந்த ரகத்தை எச்ஐவி எளிதாகப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். ரகத்தைவிட, செல் எவ்வளவு சக்தியை எரித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. ஒரே ரகத்துக்குள்ளேயே அதிகம் எரிக்கும் செல்கள் தொற்றுக்கு ஆளாயின, சிக்கனமானவை தப்பின. 2-டிஆக்சிகுளுக்கோஸ் என்று ஒரு போலிச் சர்க்கரை இருக்கிறது. செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் உடைத்துச் சக்தியாக்க முடியாது. அதைக் கொடுத்துக் கிளைக்கோலிசிஸை மட்டுப்படுத்தியபோது தொற்றுப் பிடித்த செல்கள் பிழைக்கத் திணறின. தொற்றுள்ளவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களில், வைரஸ் பெருகுவதும் தடைபட்டது.

எழுப்புவது பற்றிய ஆய்வு சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில் நடந்தது. 2016ல் அங்கிருந்த குழு, மறைநிலையில் இருக்கும் எச்ஐவியை எழுப்ப எந்தெந்த மரபணுக்கள் தேவை என்று சலித்துப் பார்த்தபோது எம்டார் சிக்கியது. எம்டாரைத் தடுத்தால், செல்லைத் தூண்டிவிட்டாலும் வைரஸ் எழவில்லை; சிடிகே9 செயல்படத் தேவையான மாற்றமும் நடக்கவில்லை. செல்லின் சத்துக் கணக்கைப் பார்க்கும் புரதமே வைரஸின் விழிப்புக்கும் காவல் நிற்கிறது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அதே கிளாட்ஸ்டோனில் லியோர் வைன்பெர்கர் குழு 2015ல் வேறு ஒன்றைக் காட்டியது. வைரஸின் சொந்தப் புரதமான டாட், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஒரு சுற்றை நடத்துகிறது. தொடக்கத்தில் டாட் கொஞ்சம் கூடினால் வைரஸ் முழுவேகத்தில் பெருகும்; குறைந்தால் அடங்கிவிடும். செல் ஓய்வுக்குப் போவதற்குக் காத்திராமல் வைரஸே இதைச் செய்யும் என்பது அவர்கள் வாதம். இது தள்ளிவிடக்கூடியதல்ல. குரோமோசோமில் எந்த இடத்தில் தைக்கப்பட்டது என்பதற்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஒரு செல்லில் வைரஸ் அடங்கிய பிறகு, அது எத்தனை மாதம் அல்லது வருடம் அப்படியே கிடக்கும் என்ற கேள்விக்கு டாட் சுற்று முழுப் பதில் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே செல்லின் பங்கு பெரிது.

இந்த நிகழ்வுக்குப் பொருத்திப் பார்த்தால்

பச்சிளங்குழந்தையின் சிடி4 செல்களில் பெரும்பகுதி இன்னும் கிருமியைச் சந்திக்காதவை. நினைவுச் செல்கள் சொற்பம். நீண்ட கால மறைவிடம் முக்கியமாக நினைவுச் செல்களில்தான் உருவாகும் என்பதால், 30 மணி நேரத்தில் தொடங்கிய மருந்து அந்த மறைவிடம் பெருகுவதற்கு முன்பே கதவை அடைத்துவிட்டது. பெரியவர்களில் முழுத் திறனுள்ள வைரஸைச் சுமக்கும் செல், ஓய்வுச் சிடி4 செல்கள் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கும். அதுவே உடல் முழுக்க லட்சக்கணக்கில் ஆகிவிடும். இந்தக் குழந்தையிடம் அதைவிட மிக மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் மருந்து நின்றும் வைரஸ் உடனே திரும்பவில்லை.

மறைவிடம் சிறிதாக இருந்தால் விழிப்பு தள்ளிப்போகும், நடக்காமலே போய்விடாது. வளரும் குழந்தை சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஒவ்வொன்றாகச் சந்திக்கும். ஒவ்வொரு முறையும் அதற்குரிய டி செல்கள் ஓய்விலிருந்து எழுந்து கிளைக்கோலிசிஸுக்கு மாறும். வைரஸைச் சுமக்கும் அந்த ஒரு சில செல்களில் ஒன்றுக்கு எப்போதோ முறை வந்தது என்பதே தடயங்களோடு பொருந்தும் விளக்கம். அந்தச் செல்லைத் தூண்டியது எது என்று இந்த நிகழ்வை வைத்து நிரூபிக்க வழியில்லை. இதைப் படித்துவிட்டு "தடுப்பூசி போட்டால் வைரஸ் விழித்துவிடுமோ" என்று யாரும் தயங்கக் கூடாது. எச்ஐவி உள்ள குழந்தைக்குத் தடுப்பூசிகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் தேவை. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் வரை, ஒரு செல் விழித்தாலும் அதிலிருந்து வெளிவரும் வைரஸால் அடுத்த செல்லைப் பிடிக்க முடியாது.

இன்னொரு நுணுக்கம். செல் எழுந்தால்தான் பிரியும், பிரிந்தால் வைரஸ் வெளிப்படும் என்று நேர்கோட்டில் நினைத்துவிடக் கூடாது. ஐஎல்-7 என்ற தூதுப் புரதத்தின் தூண்டலில் நினைவுச் செல்கள் மெதுவாகப் பிரிந்து தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ளும். அப்போது வைரஸை எழுப்பாமலேயே அதையும் சேர்த்து நகலெடுத்துவிடுகின்றன. மறைவிடத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 44 மாதம் என்று கணக்கிட்டார்கள். இந்த வேகத்தில் போனால் மருந்தால் மட்டுமே அதைத் தீர்க்க 70 வருடத்துக்கும் மேல் ஆகும். அது அவ்வளவு மெதுவாகக் கரைவதற்கு இந்த ஓசையில்லாத பிரிதலும் ஒரு காரணம். அரை விழிப்பு என்று ஒரு நிலை இருக்கிறது. எரிசக்தியை அளந்தால்தான் அது கண்ணில் படும்.

மருந்தாக மாறுமா

முயற்சிகள் நடக்கின்றன. கனடாவின் மான்ட்ரியலில், சர்க்கரை நோய் இல்லாத, ஏஆர்டி எடுத்துக்கொள்ளும் சிலருக்கு 12 வாரம் மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் அதே மாத்திரைதான். குடலில் உள்ள சிடி4 செல்களில் எம்டார் செயல்பாடு குறைந்தது. ஆனால் வைரஸ் டிஎன்ஏ அளவு குறையவில்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வேறு வழியில் யோசித்தார்கள். மறைநிலையில் உள்ள செல்லில் கிளைக்கோலிசிஸ் தணிந்திருப்பதால் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தாங்க அது குறிப்பிட்ட சில பாதுகாப்புப் பாதைகளையே நம்பியிருக்கிறது. அவற்றை அடைத்தால் அந்தச் செல் சாகிறது என்று ஆய்வகத்தில் காட்டினார்கள்.

ஒரு பக்கம் எம்டாரைத் தடுத்து வைரஸை நிரந்தரமாக உறங்க வைக்கப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் பலவீனத்தைப் பிடித்துச் செல்லையே கொல்லப் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். உறங்க வைப்பது என்றால் ஆயுள் முழுக்க இன்னொரு மருந்து என்றாகிவிடுமோ என்ற கவலைதான் காரணம். எம்டார் எச்ஐவி செல்லுக்கு மட்டும் உரியதல்ல, எல்லா டி செல்லுக்கும் வேண்டியது. அதை நீண்ட காலம் தடுத்தால் நோயெதிர்ப்பும் சேர்ந்து படுத்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரையை நிறுத்தினால் வைரஸ் பட்டினி கிடக்கும், கீட்டோ சாப்பாடு சாப்பிட்டால் எச்ஐவி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாம் சோறைக் குறைத்தாலும் கல்லீரல் ரத்தச் சர்க்கரையை ஒரு அளவில் நிறுத்தி வைக்கும்; டி செல்லுக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். மருத்துவர் சொல்லாமல் மெட்ஃபார்மின் விழுங்குவதும் ஆபத்து. ஏஆர்டியை நிறுத்திப் பார்ப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

அதற்குப் பிறகு

2015ல் வான்கூவரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் அதே சாயெஸ்-சிரியோன் இன்னொரு நிகழ்வை அறிவித்தார். 1996ல் பிறந்த ஒரு பிரெஞ்சுப் பெண். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது சிகிச்சை தொடங்கியது. ஆறு வயது வாக்கில் குடும்பம் மருந்தை நிறுத்தியது. அதன்பிறகு 12 வருடம் வைரஸ் கட்டுக்குள்ளேயே இருந்தது. மிசிசிப்பிக் குழந்தைக்கு 27 மாதத்தில் நடந்தது இவருக்கு 12 வருடத்திலும் நடக்கவில்லை. எதனால் என்பதுதான் ஆய்வாளர்களைத் துரத்தும் கேள்வி. மருந்தில்லாமல் வைரஸைக் கட்டுப்படுத்தும் பெரியவர்களின் சிடி8 செல்களை சாயெஸ்-சிரியோன் குழு ஆராய்ந்து 2019ல் வெளியிட்டது. கொல்லும் வேலை செய்யும் அந்தச் செல்கள் குளுக்கோஸை மட்டும் நம்பாமல் மைட்டோகாண்ட்ரியா வழியாகவும் பிழைக்கத் தெரிந்தவை; மற்றவர்களின் செல்கள் குளுக்கோஸையே சார்ந்திருந்தன. எரிசக்திக் கணக்கு காவலருக்கும் உண்டு என்பது இதில் தெரிந்தது.

மிசிசிப்பி நிகழ்வைத் தொடர்ந்து, பிறந்த 48 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கும் பி1115 என்ற பன்னாட்டு ஆய்வு நடந்தது. 2024 தொடக்கத்தில் அதன் முடிவு வந்தது. கவனமான கண்காணிப்பில் மருந்தை நிறுத்திய 6 குழந்தைகளில் 4 பேருக்கு 48 வாரமோ அதற்கு மேலோ வைரஸ் தென்படவில்லை. அந்த நால்வரில் ஒருவருக்கு 80 வாரத்தில் திரும்பியது. மீதி இருவருக்கு 3 வாரத்திலும் 8 வாரத்திலும் திரும்பிவிட்டது. எல்லோருக்கும் சிகிச்சை தொடங்கியது ஏறத்தாழ ஒரே வயதில். ஆனால் விழிப்பு வந்த காலம் இத்தனை விதம். மருந்தை நிறுத்துவதற்கு முன் வைரஸ் டிஎன்ஏவை எண்ணுவதோடு விடாமல், அதைச் சுமக்கும் செல்கள் குளுக்கோஸை எவ்வளவு இழுக்கின்றன, எம்டார் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். 3 வாரத்தில் திரும்பிய குழந்தைக்கும் 80 வாரம் தாங்கிய குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் முதலில் அங்கேதான் தேடுவேன்.